எதிர்த்தட்டுக் கல்

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பக்கத்து அறையிலிருந்து பெண்டாட்டி நாலு தரம் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஆனால் எவனோ ஒருத்தன் ஐம்பது வருசத்துக்கு முன்னால் நாகஸ்வரம் வாசிக்கும்போது நடுவில் இழுத்த மூச்சு சரியாகக் கேட்கவில்லை என்று வீட்டு மெயினையே பெயர்த்து மாற்றுவார்கள். கேட்டால் ரசனை என்பார்கள்.

ஆறுக்குட்டி இதை மறைத்துப் பேசுகிறவர் இல்லை. ஏணி மேல் நின்றுகொண்டு, வாயில் இரண்டு ஸ்க்ரூவைக் கவ்வியபடியே வீட்டுக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். படிப்பு ஐந்தாவதோடு சரி. அதற்கப்புறம் மில்லில் முப்பத்திரண்டு வருசம் கரண்டோடு குடித்தனம். கரண்டை நம்பலாம், அது ஏழை பணக்காரன் பார்க்காமல் ஒரே மாதிரி அடிக்கும். மனுசனை நம்பக்கூடாது, மனுசன் செய்த பெட்டியை அதைவிட நம்பக்கூடாது. அவர் அங்கே கற்றது இவ்வளவுதான்.

சௌரிபாளையத்துக் குழந்தைவேல் வாத்தியார் வீட்டுக்கு வயரிங் செய்தது அவர்தான். வாத்தியாரின் மகள் சுகந்தி அப்போது தொட்டிலில் கிடந்தாள். தேக்குப் பலகை, பீங்கான் ப்யூஸ் என்று அந்தக் காலத்துக்கு நல்ல வேலை. இப்போது அதைக் கழற்றிவிட்டுப் புது இரும்புப் பெட்டியும், வரிசையாக எம்.சி.பி. சுவிட்சுகளும், பாட்டு அறைக்கென்று மீட்டரிலிருந்தே தனியாக ஒரு தடித்த லைனும் வேண்டுமாம்.

"ஏனுங் வாத்தியாரே, ஏற்கெனவே பாடிக்கிட்டுத்தான இருக்குது?"

"பாடுதுங்க. பின்னால 'ர்ர்ர்'னு ஒரு இரைச்சல் இருக்குது பாருங்க. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"மில்லுச் சத்தத்துல எனக்குப் பாதிக் காது போச்சுங்க. அதுனால நிம்மதியா இருக்கறன்."

குழந்தைவேல் பாலிடெக்னிக்கில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் விளக்கிச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. "ஒரே வாய்க்கால்ல மேல ஒருத்தன் எருமையைக் குளிப்பாட்டுனா கீழ குடிக்கிறவனுக்குக் கலங்கலாத்தான வரும்? பிரிட்ஜு, மிக்சி, மோட்டார் எல்லாம் எருமைங்க. எல்லாம் ஒரே லைன்ல எறங்கிக் கலக்குது. அந்தக் கலங்கல்தான் ஸ்பீக்கர்ல இரைச்சலா வருது."

"அதுக்குத்தான் தனி லைன் போடறமே."

"தனி லைன் போட்டாலும் முழுசாப் போகாது. அதுக்குத்தான் இது." ஷூ டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். "மௌனப்பெட்டின்னு பேரு வெச்சிருக்கறேன். இது கலங்கலை வடிகட்டறதில்லீங்க. எருமை எப்ப எறங்கும்னு தெரிஞ்சு வெச்சுக்கும்."

ஆறுக்குட்டி வாயிலிருந்த ஸ்க்ரூவை எடுத்தார்.

"நாப்பது நாள் இந்த வீட்டுக் கரண்டைக் கவனிக்கும். எத்தன மணிக்கு ஹீட்டர், எத்தன மணிக்கு மோட்டார், மிக்சி எத்தன தடவ ஓடுது, எத்தன நேரம் ஓடுது, எல்லாத்தையும் படிச்சுக்கும். அப்புறம் சத்தம் வர்ற அதே நிமிசத்துல அதுக்கு நேர் எதிரா ஒரு சத்தத்தை இதுவும் போடும். தராசுல நீங்க இந்தத் தட்டுல கல்லு வைக்கறப்பவே நான் அந்தத் தட்டுல அதே எடைக்கு ஒண்ணு வெச்சா? முள்ளு அசையாதில்லீங்களா? அதுதான் மௌனம்."

ஆறுக்குட்டி அந்தப் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"செரி. ஒரு நாள் இந்தத் தட்டுல கல்லு வைக்காம விட்டுட்டா?"

வாத்தியார் சிரித்தார். "ஏன் வைக்காம விடப் போறா? முப்பத்தெட்டு வருசமா மணி தப்பாம வெச்சுக்கிட்டு இருக்கறா."

வைக்கிறவள் மோர் டம்ளரோடு வந்து நின்றாள், வாத்தியாரின் மனைவி வசந்தாமணி. ஒல்லியான உடம்பு, ஆனால் குரல் வாசல் வரைக்கும் போகும். "ஆறுக்குட்டியண்ணா, அந்தப் பெட்டி என்னையும் படிக்குமாமா? இத்தன வருசத்துல இவரு படிக்கல. பெட்டியாவது படிக்கட்டும்."

"இனிமே நீ எப்ப வேணாலும் மிக்சி போட்டுக்கோ மணி. பாட்டுக் கேக்கறப்ப நிறுத்துன்னு சத்தம் போட மாட்டேன். எனக்குக் கேக்கவே கேக்காது."

"இப்ப மட்டும் கேக்குதாக்கும்!" என்று சொல்லிவிட்டுக் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

எர்த் குழியை ஆறுக்குட்டி வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தோண்டினார். வீட்டில் எங்கே கரண்டு கசிந்தாலும் கடைசியில் மண்ணுக்குள் இறங்குகிற வழி அதுதான். வாத்தியார் ஏதோ ரசாயன மூட்டை வாங்கி வைத்திருந்தார். ஆறுக்குட்டி அதைத் தொடவே இல்லை. தகட்டை இறக்கி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிக் கொட்டி, மேலே ஒரு குழாய் விட்டு மூடினார்.

"அம்மா, இது காஞ்சு போனா எல்லாம் வீண். தினமும் ஒரு குடம் தண்ணி ஊத்திருங்க."

"செடிக்கு ஊத்துனாப் பூவாவது பூக்கும். உங்க குழிக்கு ஊத்துனா என்னங்கண்ணா பூக்கும்?"

"வாத்தியாரு பாட்டு பூக்குமுங்க."

"அப்பக் கண்டிப்பா ஊத்தோணும்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து விடியற்காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழிக்குப் போய்விடுவாளாம். அப்புறம்தான் வெந்நீருக்கு ஹீட்டர் போடுவது.

நாற்பது நாள் கழித்து வாத்தியார் ஆள் அனுப்பாத குறையாகக் கூப்பிட்டார். ஆறுக்குட்டி போய் அந்த அறைக்குள் உட்கார்ந்தார். சுவரெல்லாம் கம்பளி ஒட்டி, கதவுக்கு ரப்பர் வைத்திருந்தது. கதவைச் சாத்தினதும் காதை யாரோ உள்ளங்கையால் பொத்தின மாதிரி இருந்தது. நாகஸ்வரம் வந்தது. நடுவில் அந்த மனுசன் மூச்சு இழுத்ததும் வந்தது, மெய்தான். அது போக உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

"எப்படிங்க?"

"கெணத்துக்குள்ள எறங்குன மாதிரி இருக்குதுங்க" என்றார் ஆறுக்குட்டி. வாத்தியார் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

கதவைத் திறந்து வெளியே வந்தால் சமையலறையில் மிக்சி அலறிக்கொண்டிருந்தது. வசந்தாமணி அதை நிறுத்திவிட்டு, "காப்பி வேணுமான்னு ரெண்டு தரம் கதவுகிட்ட வந்து கத்துனனுங்கண்ணா. ரெண்டு பேருக்கும் காதே கேக்கல" என்றாள்.

அதுதான் ஆறுக்குட்டி அவளைக் கடைசியாகப் பார்த்தது.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வசந்தாமணி போய்விட்டாள். வீட்டுக்குப் பின்னால் விழுந்து கிடந்தாளாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். விடியற்காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகப் பந்தலில் பேச்சு அடிபட்டது. பந்தலில் என்னதான் பேச மாட்டார்கள்? அன்று காலையில்கூட வாத்தியார் போனில் கூப்பிட்டு, பெட்டியில் ஏதோ குறை என்று சலித்துக்கொண்டார். ஆறுக்குட்டி, டீ ஆறிவிடுமே என்ற அவசரத்தில், ஏதோ ஒரு பதிலைச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அது அத்தோடு மறந்தும் போயிற்று.

*

நாலு மாசம் ஆனது. ஒரு நாள் ஓசூரிலிருந்து சுகந்தி கூப்பிட்டாள்.

"மாமா, நீங்க போயி அந்தப் பெட்டியைக் கழட்டிப் போட்டுருங்க, இல்லாட்டி அது படிச்சு வெச்சதையாவது அழிச்சுருங்க. அப்பா சாப்பிடறதில்ல. சோறு வெக்க ஆள் போட்டா அவங்களைத் துரத்தியுடறாரு. பாட்டுகூடக் கேக்கறதில்லீங் மாமா, சும்மா அந்த ரூமுக்குள்ள போயி உக்காந்துக்கறாரு. போன வாரம் நானே போனேன். மிக்சி சுவிட்சுல கை வெச்சேன், 'தொடாதே'ன்னு கத்துறாரு. என்னைய ஒரு நாள்கூட அப்படிக் கத்துனதில்ல."

"எதுக்குக் கத்துனாரு கண்ணு?"

"தெரியல மாமா. இந்த மாசத்துக்குள்ள சரியாகலைன்னா வீட்டைப் பூட்டிட்டு அவரை இங்க கூட்டிட்டு வந்துருவேன். இங்க வந்தா ஒரு மாசம் தாங்க மாட்டாரு, எனக்குத் தெரியும். ஆனா அங்க விட்டாலும்..."

"செரி அம்மிணி. நான் பாத்துக்கறேன்" என்றார். அப்படி யாருக்கும் வாக்குக் கொடுக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

மறுநாள் பத்தரை மணிக்குப் போனார். கதவு சும்மா சாத்தியிருந்தது. சமையலறையில் பாத்திரம் எல்லாம் கவிழ்த்தது கவிழ்த்தபடி தூசி படிந்து கிடந்தது. பாட்டு அறையில் குழந்தைவேல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, வேறு யாரோ மாதிரி இருந்தார். ரெக்கார்டு எதுவும் ஓடவில்லை. ஆம்ப்ளிபயரில் மட்டும் விளக்கு எரிந்தது.

"வாங்க. கதவைச் சாத்திட்டு உக்காருங்க. பத்து நாப்பதுக்கு மிக்சி."

"யாருங்க போடறது?"

"உக்காருங்க."

ஆறுக்குட்டி உட்கார்ந்தார். பைத்தியத்தோடு தர்க்கம் பண்ணிப் பிரயோசனமில்லை. சுவர்க்கடிகார முள் நாற்பதைத் தொட்டது.

முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், சுவரிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. அது மிக்சி இல்லை. ஆனால் மிக்சிதான். பட்டுச்சேலையைத் திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்தில் அதே பூ நூலும் முடிச்சுமாகத் தெரியுமே, அந்த மாதிரி. ஒரு மூச்சு ஓடி நின்றது. மூடியைத் திறந்து கரண்டியால் வழித்து விடுகிற நேரம் அமைதி. மறுபடி ஓட்டம். மறுபடி அமைதி. மூன்றாவது தடவை சின்னதாக ஒரு சுற்று, அவ்வளவுதான்.

ஆறுக்குட்டி ஸ்பீக்கர் பக்கம் சாய்ந்தார். அந்த அமைதியின் நீளம் அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் வேலை செய்த நாளெல்லாம் கேட்டது.

"வழிச்சு விடறா" என்றார் குழந்தைவேல் மெதுவாக. "கேட்டீங்களா? அவ எப்பவும் ரெண்டு தரம் வழிப்பா."

"வாத்தியாரே." ஆறுக்குட்டி அவர் பக்கம் திரும்பினார். "இது அம்மா இல்லீங்க. அன்னைக்கு நான் கேட்டனில்ல, இந்தத் தட்டுல கல்லு வைக்காம விட்டா என்னன்னு? இந்தத் தட்டு காலியாக் கெடக்குது. பெட்டி அதும்பாட்டுக்கு எதிர்க்கல்லை வெச்சுக்கிட்டு இருக்குது. முள்ளு சாயற சத்தமுங்க இது."

"தெரியுங்க. நான்தான உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

"அம்மா இல்லாத எடம் இது."

"அந்த எடமாவது இருக்குதில்லீங்களா?"

ஆறுக்குட்டி எழுந்து போய் அறைச் சுவரிலிருந்த மெயினைப் பார்த்தார். கறுப்புப் பெட்டியின் மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்க வேண்டும். படிக்கிறது என்று அர்த்தம். சிவப்பு நிலையாக எரிந்தது.

"ஆள் போயி நாலு மாசம் ஆச்சு. நாப்பது நாளுல பெட்டி வேற பாடம் படிச்சிருக்கோணுமில்ல?"

"படிக்கறதை நிறுத்தி வெச்சிருக்கேன். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச அன்னைக்கே நிறுத்திட்டேன். இனி யாரு எதைப் போட்டாலும் அதுக்குத் தெரியாது. ஆனா சத்தம் குறுக்க வந்துரும். அதுதான் சுகந்தியை..." தலையைக் குனிந்துகொண்டார். "கொழந்தையைக் கத்திட்டேன்."

எந்தக் கோளாறாக இருந்தாலும் வயர்மேன் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. ஆறுக்குட்டி பழக்கத்தில் அதைக் கேட்டார். வேறு எதுவும் நினைத்துக் கேட்கவில்லை.

"மொத மொதல்ல இது எப்பக் கேட்டுச்சுங்க?"

குழந்தைவேல் ஆம்ப்ளிபயர் விளக்கைப் பார்த்தார்.

"வாத்தியாரே?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத்தான போன் பண்ணுனேன்."

ஆறுக்குட்டி ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டி மேல் வைத்தார்.

"வெள்ளிக்கெழம" என்றார் குழந்தைவேல். "விடிகாலையில வோல்டேஜ் சீரா இருக்கும்னு அஞ்சு மணிக்கே உள்ள வந்து கதவைச் சாத்திக்குவேன். தெரியுமில்ல உங்களுக்கு. அஞ்சு இருபதுக்கு ஒரு முனகல் வந்துச்சு. அது ஹீட்டரு. அவ ஹீட்டர் போடற நேரம். அன்னைக்குப் போடல. குழிக்குத் தண்ணி ஊத்தப் போனவ திரும்பி வரல. குடத்தோட அங்கயே கெடந்தா."

அது பாடம் நடத்துகிற குரல்.

"பெட்டி என்கிட்டச் சொல்லுச்சுங்க. இந்தத் தட்டுல கல்லு இல்லை, இல்லைன்னு அது பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. உலகத்துல எந்தப் புருசனுக்கும் இப்படி ஒரு சேதி வந்திருக்காது. நான் என்ன பண்ணுனேன்? பாட்டு கெட்டுப் போச்சுன்னு உங்களுக்குப் போன் பண்ணி உங்க வேலை சரியில்லைன்னேன். நீங்க என்ன சொன்னீங்க, நெனப்பு இருக்குதா?"

நினைப்பு வந்தது. டீ டம்ளர், கடை பெஞ்சு, போனில் வாத்தியாரின் எரிச்சல் குரல்.

"எர்த் காஞ்சிருக்கும்னு சொன்னேன்."

"அம்மாவைத் தண்ணி ஊத்தச் சொல்லுங்கன்னு சொன்னீங்க."

"ஆமாங்க."

"பாட்டு முடியட்டும், போயிச் சொல்றேன்னேன். ஆறு மணிக்கு மோட்டார் போடற சத்தமும் வந்துச்சு, இதே மாதிரித் திருப்பிப் போட்டது. அதையும் முழுசா உக்காந்து கேட்டேன். அப்பக்கூட எந்திரிக்கல. ஆறரைக்கு எந்திரிச்சேன். எதுக்குத் தெரியுங்களா? காப்பி வரலையேன்னு."

டாக்டர் சொன்னதாகப் பந்தலில் பேசியதை ஆறுக்குட்டி நினைத்துக்கொண்டார். விடியற்காலையிலேயே கொண்டுவந்திருந்தால்.

"இப்பத் தெனமும் அஞ்சு இருபதுக்கு முனகல் வருதுங்க. வந்த ஒடனே எந்திரிச்சு ஓடறேன். பின்னால போயிப் பாக்கறேன். யாரும் இல்ல. ஒரு குடம் தண்ணியைக் குழியில ஊத்திட்டு வந்து உக்காந்துக்கறேன். ஒரு நாளும் தவறுனதில்ல." முதல் தடவையாக ஆறுக்குட்டியின் முகத்தை நேராகப் பார்த்தார். "சுகந்தி சொல்லித்தான வந்தீங்க? இதை அழிச்சுட்டா நான் எங்க ஓடறதுங்க?"

ஆறுக்குட்டி பின்கட்டுக்குப் போனார். பார்த்துவிட்டுத்தான் நம்புவார் அவர். குழியைச் சுற்றி மண் நன்றாக ஊறி இருந்தது. குழாய் ஓரத்தில் யாரும் நடாத பொன்னாங்கண்ணி தழைத்திருந்தது. குடம் கவிழ்த்து வைத்திருந்தது. அங்கே நின்று, எர்த் காய்ந்திருக்கும் என்று தான் சொன்னதை ஒரு தடவை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். சரியான பதில்தான். நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் அதுதான் காரணமாக இருக்கும்.

திரும்பி வந்தார்.

"சுகந்திக்கு இது தெரியுமா?"

"தெரியக்கூடாது."

"நான் சொல்லல. ஆனா அந்தப் புள்ளைக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன். நான் அழிக்கலைன்னா அது வந்து வீட்டைப் பூட்டிட்டு உங்களைக் கூட்டிட்டுப் போயிரும். அப்ப மெயினும் ஆஃப், பெட்டியும் ஆஃப். குழிக்கும் தண்ணியில்ல. எது வேணும், நீங்களே சொல்லுங்க."

குழந்தைவேல் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்துப் பார்த்தார், மறுபடி உள்ளே வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அழிச்சுருங்க."

அவ்வளவு சுலபமாகச் சொன்னது ஆறுக்குட்டிக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஆள் இத்தனை பிடிவாதமாக வைத்திருந்ததைச் சட்டென்று விடுகிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. "நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமாத்தான். அழிங்க."

மெயினை இறக்கினார். பெட்டியின் அடியில் இருந்த சின்ன ஓட்டைக்குள் கம்பியை விட்டுப் பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடித்தார். மெயினை ஏற்றினார். சிவப்பு போய்ப் பச்சை வந்து மினுக்க ஆரம்பித்தது. புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த குழந்தை கண்ணைச் சிமிட்டுகிற மாதிரி. வாத்தியார் அந்த விளக்கைக் குனிந்து பார்த்தார். அழவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு அஞ்சு இருபதுக்கு ஹீட்டர்" என்றார். "இன்னைக்கு மிக்சி மட்டும் கொஞ்சம் லேட்டாயிருச்சு. பரவால்ல. ஒரு நாள்தான."

"என்னங்க?"

குழந்தைவேல் இழுப்பறையிலிருந்து அந்த நோட்டை மறுபடி எடுத்துக் காட்டினார். பாலிடெக்னிக் கையெழுத்து, வரிசை வரிசையாக. ஹீட்டர், மோட்டார், மிக்சி, மத்தியானம் இஸ்திரிப்பெட்டி, சாயங்காலம் மறுபடி மிக்சி. எத்தனை நிமிசம், நடுவில் எத்தனை நொடி நிறுத்தம் எல்லாம் இருந்தது. நாலு மாசமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எழுதினது.

"நாப்பது நாளுங்க. அவ செஞ்ச மாதிரியே ஒண்ணு விடாம நான் செய்யறேன். பெட்டி படிச்சுக்கும். நாப்பத்தோராம் நாள் எல்லாத்தையும் நிறுத்திட்டு வந்து உக்காந்துக்குவேன்."

ஆறுக்குட்டி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"வாத்தியாரே, நீங்க படிச்சவரு. கொஞ்சம் யோசிங்க. நாப்பது நாள் தட்டுல கல்லு வெக்கறது நீங்க. நாப்பத்தோராம் நாள் வைக்காம விடறதும் நீங்க. அன்னைக்குப் பெட்டி யாரு இல்லைன்னு சொல்லும்? அம்மா இல்லைன்னா சொல்லும்?"

குழந்தைவேல் நோட்டைத் தடவிக்கொடுத்தார். "தெரியுங்க."

"நீங்க இல்லைன்னு சொல்லும்."

"அதுவும் சரிதானுங்களே."

ஆறுக்குட்டி பிளையரை எடுத்துப் பையில் போட்டார், மறுபடி எடுத்தார், மறுபடி போட்டார். "அரைக்கறீங்களே, எதை அரைப்பீங்க? வெறும் ஜாரை ஓட்டுனா லோடு வேற மாதிரி இழுக்கும். பெட்டிக்குத் தெரிஞ்சுரும்."

"அதுதான் யோசிச்சேன். தேங்காய், மல்லி, சின்ன வெங்காயம் எல்லாம் வாங்கோணும். அரைச்சா வீணாக்க முடியாது, கொழம்பு வெக்கோணும்."

"வெச்சாத் திங்கோணும்."

"திங்கோணும்" என்றார் குழந்தைவேல். ஏதோ புதுச் செய்தி மாதிரி அதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டார். "பிரிட்ஜுல சுகந்தி வாங்கி வெச்ச தேங்காய் மூடி ஒண்ணு இருக்குதுன்னு நெனைக்கறேன்."

எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரங்கள் உருளும் சத்தமும், எதையோ தேடித் திறந்து மூடும் சத்தமும் வந்தன. வசந்தாமணி எதை எங்கே வைப்பாள் என்று அந்த மனுசனுக்கு முப்பத்தெட்டு வருசத்தில் தெரிந்திருக்கவில்லை.

ஆறுக்குட்டி பையை மாட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

"நாப்பத்தோராம் நாள் காலையில எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

"பண்ணுனா என்ன சொல்வீங்க?" குழந்தைவேல் திரும்பாமலே கேட்டார். கையில் தேங்காய்த் துருவி.

"ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். வந்துருவேன்."

வாத்தியார் தலையாட்டினார். அது சரி என்றா, பார்க்கலாம் என்றா என்று தெரியவில்லை.

வெளியே வந்து கேட்டைச் சாத்தும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. சுகந்தி.

"மாமா, அழிச்சுட்டீங்களா?"

"அழிச்சுட்டேன் கண்ணு."

"அப்பா என்ன பண்றாரு? அழறாரா?"

பதில் சொல்வதற்குள் உள்ளே மிக்சி கிளம்பியது. நிஜ மிக்சி. வாசல் வரைக்கும் அலறியது. போன் வழியாக அது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"மாமா? அது என்ன சத்தம்? அப்பாவா? அப்பா சமைக்கிறாரா?"

"மிக்சி ஓடுது அம்மிணி" என்றார். அதுவரைக்கும்தான் அவரால் பொய் இல்லாமல் சொல்ல முடியும்.

"ஐயோ மாமா..." அவள் அழுதாள், சிரித்தாள். "அது போதும் மாமா. எனக்கு அது போதும். நீங்க செஞ்ச உதவியை மறக்க மாட்டேன்." போனை வைத்துவிட்டாள்.

மிக்சி நின்றது. ஆறுக்குட்டி கேட்டின் மேல் கை வைத்தபடியே நின்றார். உள்ளே கரண்டி ஜாரில் உரசும் சத்தம். மறுபடி ஓட்டம். மறுபடி நிறுத்தம். மனசுக்குள் அவரும் எண்ணினார். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

மூன்றாவது தடவை ஓடியது. சின்னதாக ஒரு சுற்றுதான் இருக்க வேண்டும். ஓடியது, ஓடியது, நிற்கவில்லை.

"அம்மா இவ்வளவு நேரம் ஓட்ட மாட்டாங்க. இது வாத்தியாரு கை" என்று யாரும் இல்லாத தெருவில் சத்தமாகவே சொன்னார். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தலையை ஆட்டியபடி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். தெருமுனை திரும்பும் வரைக்கும் அவருக்கு, அந்தப் பாதிக் காதிலும், அது கேட்டுக்கொண்டே இருந்தது.